சுகர் வந்த நாய்க்கு சோறு போடலாமா? தட்டுல என்ன இருக்கணும், எப்போ வைக்கணும்?

முத்துப்பேட்டையில் ஒரு வீட்டைக் கற்பனை பண்ணிக்கோங்க. கொல்லையில நாலு தென்னை, திண்ணையில அப்பாயி, வாசல்ல ஒரு நாட்டு நாய். பேரு மணின்னே வெச்சுக்குவோம். வயசு 9, எடை 15 கிலோ.

மணிக்குத் தனியா சாப்பாட்டு நேரம்னு எதுவும் கிடையாது. காலையில் பழைய சோறு. பதினோரு மணிக்கு டீக்கடையில் யாராவது போடுற ரெண்டு பொறை. மதியம் மீன் குழம்பு சோறு. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற பசங்க கையில இருக்குற பிஸ்கட். ராத்திரி அப்பாயி தட்டுலேருந்து கடைசி வாய். இப்படியே ஒன்பது வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு.

ரெண்டு மாசமா மணிகிட்ட ஏதோ மாற்றம். வெச்ச சோத்தை நிமிஷத்துல காலி பண்ணிட்டு இன்னும் கேட்குது. வாளித் தண்ணியைக் குடிச்சுத் தீர்க்குது. ராத்திரியில் மூணு தடவை எழுந்து வெளியே போகணும்னு கதவைப் பிறாண்டுது. இவ்வளவு சாப்பிட்டும் விலா எலும்பு தெரியுது. "வயசாயிடுச்சுல்ல... இன்னும் ரெண்டு கை சோறு சேர்த்துப் போடு"ன்னு அப்பாயி சொல்றாங்க.

டாக்டர் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துட்டு, "இதுக்கு சுகர். தினமும் ரெண்டு வேளை ஊசி போடணும்" என்கிறார். வீட்டில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஊசியைப் பற்றியது இல்லை. "அப்ப, இனிமே சோறு போடக் கூடாதா?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நாய்களுக்கு வரும் சர்க்கரை நோயின் அடையாளங்கள் நாலு: அதிகத் தாகம், அதிகச் சிறுநீர், அதிகப் பசி, ஆனாலும் எடை குறைவது. நாலும் ஒண்ணா இருந்தா தள்ளிப்போடாமல் ப்ளட் டெஸ்ட் எடுத்துடுங்க.

தாகத்தை வீட்டிலேயே அளக்கலாம். காலையில் ஒரு பாத்திரத்தில் அளந்து தண்ணீர் வையுங்கள். மறுநாள் காலை மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அது சுகராகத்தான் இருக்கணும்னு இல்லை. கிட்னி பிரச்னை, பெண் நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது போன்றவற்றிலும் தாகம் கூடும். எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்தான்.

இன்னொரு அடையாளம் கண். சுகர் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நாளடைவில் கண்புரை வருகிறது. சில நாய்களுக்குக் கண் வெளுத்த பிறகுதான் சுகர் இருப்பதே வீட்டுக்குத் தெரிகிறது.

நாய்க்கு ஏன் சுகர் வருது?

'பொறையும் பிஸ்கட்டும் தின்னுதான் வந்துச்சு' என்று உங்களையே குற்றம் சொல்லிக்காதீங்க. மனிதர்களுக்கு அதிகம் வருவது டைப் 2. உடம்பில் இன்சுலின் இருக்கும், ஆனால் அது சரியாக வேலை செய்யாது. நாய்களுக்கு வருவது பெரும்பாலும் டைப் 1 மாதிரி. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. இன்சுலின் இல்லாததால் ரத்தத்தில் சர்க்கரை நிறைந்து கிடந்தும் செல்லுக்குள் போக முடியாது. அதனால்தான் மணி எவ்வளவு தின்றாலும் பசியோடு இருக்கிறான், இளைத்துக்கொண்டும் போகிறான்.

காரணங்கள் பல. பரம்பரை, கணைய அழற்சி, அரிப்புக்காக அடிக்கடி போடப்படும் ஸ்டீராய்டு, வேறு ஹார்மோன் கோளாறுகள். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு ஆபத்து அதிகம். பருவத்துக்கு வந்து போன பின் சில வாரங்களுக்கு அவற்றின் உடலில் கூடும் ஒரு ஹார்மோன், இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். அதனால்தான் சுகர் வந்த பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷனும் சிகிச்சையில் ஒரு பகுதி.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சாப்பாட்டை மட்டும் மாற்றி நாயின் சுகரைக் கட்டுப்படுத்த முடியாது. இன்சுலின் ஊசி கட்டாயம், அதுவும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. இரண்டு, வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான் பொடி எதுவும் இன்சுலினுக்கு மாற்று ஆகாது. அப்பாயி சாப்பிடும் சுகர் மாத்திரையை அரை வில்லை உடைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். அவற்றில் சில, நாயின் சுகரை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

சோறு எதிரியா?

'நாய் ஓநாய் வம்சம். அதுக்குக் கறி மட்டும்தான் செரிக்கும், சோறே ஆகாது' என்று ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். பாதிதான் உண்மை. வம்சம் ஓநாய்தான். ஆனால், மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் நாயின் வயிறு மாறிவிட்டது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்களுக்கு 2 நகல் இருந்தது. நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருந்தது. விவசாயம் செய்த மனிதனின் மிச்சச் சோற்றைத் தின்று வாழ்ந்த நாய், அந்தச் சோற்றைச் செரிக்கவும் பழகிவிட்டது.

ஆகவே, நெல் விளையும் ஊரில் பிறந்த மணிக்குச் சோறு விஷம் இல்லை. பிரச்னை வேறு. இன்று ரெண்டு கை, நாளைக்கு நாலு கை. இன்று சுடுசோறு, நாளைக்குப் பழையது. இன்று மதியம் ஒரு மணி, நாளைக்கு மூணு மணி. நாம் போடும் இன்சுலினோ தினமும் ஒரே அளவு. சோறு ஏறி இறங்கினால் ரத்தத்தில் சர்க்கரையும் ஏறி இறங்கும். அளவு கூடினால் சுகர் எகிறும். அளவு குறைந்தால், அதே ஊசி நாயை மயக்கத்தில் தள்ளிவிடும்.

"மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி கொடுத்தா நல்லதாமே?" இந்தக் கேள்வி டெல்டாவில் வராமல் இருக்காது. பக்கத்துத் திருத்துறைப்பூண்டிதான் 'நெல்' ஜெயராமன் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடி மீட்ட ஊர். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போய், மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தந்த விவசாயிகள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து அதிகம் என்பது சரிதான். ஆனால், அதிலும் மாவுச்சத்து இருக்கவே இருக்கிறது. சுகருக்கு மருந்தாக அதை நினைக்க வேண்டாம். வீட்டில் வழக்கமாக வேகும் புழுங்கல் அரிசியே போதும். எந்த அரிசி என்பதைவிட, தினமும் அதே அரிசி, அதே பதம், அதே அளவு என்பதுதான் முக்கியம்.

மறக்கக் கூடாத மூணு 'ஒரே'

*ஒரே நேரம்:* பெரும்பாலான நாய்களுக்கு இன்சுலின் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. சாப்பாடும் அதோடு சேர்த்துத்தான். காலை 7, இரவு 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனாலும், கல்யாணத்துக்குப் போனாலும் அதே 7.

*ஒரே அளவு:* ஒரு நாள் சாப்பாட்டை இரண்டு சம பாகமாகப் பிரியுங்கள். 'கை அளவு' ஆளுக்கு ஆள் மாறும். அப்பாயி கையும் உங்க கையும் ஒண்ணா? சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு டம்ளரை மணிக்கென்று ஒதுக்கி, தலை தட்டி அளந்து போடுங்கள்.

*ஒரே சாப்பாடு:* இன்று சிக்கன், நாளைக்கு மீன், நாளன்றைக்குத் தயிர்சோறு என்பதெல்லாம் வேண்டாம். நமக்குத்தான் அது போரடிக்கும், நாய்க்கு இல்லை. மாற்ற வேண்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு பழசில் புதுசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

இந்த மூன்றோடு நடையையும் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் ஒரே அளவு நடை. ஒரு வாரம் கட்டியே போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் ரெண்டு மணி நேரம் ஓடவிட்டால் சுகர் சட்டென்று இறங்கலாம்.

தண்ணீருக்கு மட்டும் கட்டுப்பாடே கிடையாது. 'அதிகமா ஒண்ணுக்குப் போகுது' என்று தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். சர்க்கரை வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. குடிக்காவிட்டால் உடம்பு வறண்டுவிடும்.

தட்டில் என்னென்ன இருக்கலாம்?

எளிமையான வழி, டாக்டர் பரிந்துரைக்கும் முழுமையான டாக் ஃபுட். சத்து எல்லாம் கணக்காக இருக்கும், அளப்பதும் சுலபம். சுகர் நாய்களுக்கென்றே நார்ச்சத்து அதிகமுள்ள வகைகளும் உண்டு. ஆனால், விலை அதிகம். ஏற்கெனவே இளைத்துப்போன நாய்க்கு அந்த வகை ஒத்துவராமலும் போகலாம். சாதாரண டாக் ஃபுட்டே ஆனாலும், சர்க்கரை சேர்க்காததாகவும், நாய் விரும்பித் தின்பதாகவும் இருந்தால் அதை வைத்தே சமாளிக்க முடியும்.

வீட்டுச் சாப்பாடுதான் கட்டுப்படியாகும் என்றால், கவனிக்க வேண்டியவை இவை.

புரதம்: தோல் நீக்கிய சிக்கன், முட்டை, மீன். நம்ம ஊர் ஆத்து மீன், கடல் மீன் எதுவும் சரிதான். மடவையோ கொடுவாயோ, குழம்பில் போடும் முன்னால் தனியாக எடுத்து, உப்பு புளி இல்லாமல் வேகவைத்து, முள்ளை முழுசாக எடுத்துவிட்டுக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

மாவுச்சத்து: அளந்த சோறு.

நார்ச்சத்து: பரங்கிக்காய், பீன்ஸ், சுரைக்காய், கொஞ்சம் கேரட். வேகவைத்து மசித்துவிடுங்கள். நார்ச்சத்து இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும்.

கொழுப்பு: குறைவாக. சுகர் உள்ள நாய்களுக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்பும் உண்டு. தேங்காய்ப்பால் குழம்பு, பொரித்த மீன், சிக்கன் தோல், பிரியாணியின் மிச்சம் எல்லாம் அதைக் கிளப்பிவிடக்கூடியவை.

ஓர் உதாரணம் பார்ப்போம். சரியான எடையில் இருக்கும் 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 கலோரி தேவை. ஒரு வேளைக்கு 400. வேகவைத்த பிறகு எடை போட்ட சிக்கன் 120 கிராம், சோறு 100 கிராம், காய் 75 கிராம், ஒரு டீஸ்பூன் எண்ணெய். இவ்வளவும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 400 கலோரி வந்துவிடும். இது எப்படிக் கணக்குப் போடுவது என்று காட்டத்தான். உங்கள் நாயின் எடை, வயது, இளைத்திருக்கிறதா, பருத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து டாக்டர்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, சிக்கனும் சோறும் காயும் மட்டும் போட்டால் கால்சியம் உள்ளிட்ட சில சத்துகள் பற்றாது. என்ன சப்ளிமென்ட், எவ்வளவு என்று கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

ஒரு டிப்ஸ்: எல்லாவற்றையும் நன்றாகப் பிசைந்து கொடுங்கள். இல்லையென்றால் மணி சிக்கனை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு சோற்றை விட்டுவிடுவான். நீங்கள் போட்ட ஊசியோ முழுச் சோற்றுக்கான ஊசி.

'ஒரு வாய்தானே!'

சுகர் நாய் உள்ள வீட்டில் பெரிய போராட்டமே இந்த ஒரு வாய்க்காகத்தான். அப்பாயிக்கு மணியைப் பார்க்காமல் ஒரு வாய் சோறு இறங்காது. பசங்களுக்கோ பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வைப்பதுதான் விளையாட்டு.

கணக்கைச் சொல்லிப் பாருங்கள். குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமில் ஏறத்தாழ 450 கலோரி. நாலைந்து பிஸ்கட் போனால் 100 கலோரி. மணியின் ஒரு நாள் சாப்பாட்டில் எட்டில் ஒரு பங்கு. அதுவும் மாவும் சர்க்கரையுமாக, ஊசிக்குச் சம்பந்தமே இல்லாத நேரத்தில். அடுத்த தடவை டெஸ்ட் எடுக்கும்போது சுகர் எகிறியிருக்கும். டாக்டர் இன்சுலினைக் கூட்டுவார். அதற்கடுத்த வாரம் பசங்களுக்கு எக்ஸாம், பிஸ்கட் கிடையாது. கூட்டின இன்சுலின் மட்டும் இருக்கும். ஆபத்து இப்படித்தான் வருகிறது. அதனால், வெளியே என்ன தின்றது என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

'கொடுக்கவே கூடாது' என்று அப்பாயியிடம் சொன்னால் நடக்காது. வேறு வழி இருக்கிறது. காலை 7 மணித் தட்டை அப்பாயி கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வேகவைத்த பீன்ஸ் ரெண்டு துண்டு, வெள்ளரிக்காய் ஒரு துண்டு. அதுவும் தினமும் ஒரே நேரத்தில், அதே அளவில்.

தெரு சுற்றி வரும் பழக்கத்தையும் நிறுத்தியாக வேண்டும். டீக்கடை, கறிக்கடை, மீன் விற்கும் இடம் என்று ஒரு ரவுண்டு போய் வந்தால் உங்கள் தராசுக்கு வேலையே இல்லை. காம்பவுண்டு கேட்டைச் சாத்துங்கள். நடைக்குப் போனால் கயிறு பிடித்துக் கூட்டிப்போங்கள். டீக்கடை அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "அண்ணே, இவனுக்கு சுகர். பொறை போடாதீங்க." அவருக்கும் சுகர் இருக்கலாம், சட்டென்று புரிந்துகொள்வார்.

தட்டுப் பக்கமே வரக் கூடாதவை

* சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பானகம், சர்க்கரைப் பொங்கல், தீபாவளிப் பலகாரம்.
* 'சுகர் ஃப்ரீ' சாக்லேட், மிட்டாய், சூயிங்கம், கேக். 'சுகர் நாய்க்கு சுகர் ஃப்ரீ நல்லதுதானே' என்று தோன்றும். அவற்றில் சிலவற்றில் ஸைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறது. நமக்குப் பிரச்னை இல்லை. நாய்க்கு அது கொடிய விஷம். சுகரைத் திடீரென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.
* திராட்சை, உலர் திராட்சை. பாயசத்தில் மிதப்பதும் இதில் சேர்த்தி. கிட்னியைப் பாதிக்கும்.
* வெங்காயம், பூண்டு. ரத்த அணுக்களை உடைக்கும். மீன் குழம்புச் சோற்றை நிறுத்தச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.
* சாக்லேட், வேகவைத்த எலும்பு. இவை எந்த நாய்க்குமே ஆகாது.

சாப்பிடலைன்னா ஊசி போடலாமா?

அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான். முதலில் சாப்பாட்டை வையுங்கள். தின்கிறதா என்று பாருங்கள். தின்று முடித்ததும் ஊசி. பல டாக்டர்கள் சொல்லும் வரிசை இது.

தட்டைத் தொடவே இல்லை, பாதியில் விட்டுவிட்டது, வாந்தி எடுத்துவிட்டது என்றால் வழக்கமான முழு டோஸைப் போட்டுவிடாதீர்கள். டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்கள். 'சாப்பிடாத நாளில் எவ்வளவு போடணும்' என்பதை முதல் நாளே கேட்டு எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ராத்திரி ஏழு மணிக்கு போன் எடுக்கவில்லை என்றாலும் பதற்றம் இருக்காது. சாப்பிடாமல், வாந்தியோடு சோர்ந்து படுத்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். சுகர் ரொம்ப ஏறி, ரத்தத்தில் அமிலம் சேரும் நிலையாக இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

கூட்டுக்குடும்பங்களில் இன்னொரு சிக்கல்: "நீ போட்டியா? நான் போட்டேனா?" ரெண்டு பேரும் போட்டுவிட்டால் முடிந்தது. நாள்காட்டியில் ஊசி போட்டவர் உடனே ஒரு டிக் அடித்துவிட வேண்டும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அந்த வேளை போடாமல் விடுவதுதான் பாதுகாப்பு. ஒரு வேளை சுகர் ஏறினால் சமாளித்துவிடலாம். டபுள் டோஸை அப்படிச் சமாளிக்க முடியாது. விட்டுப்போனதற்குச் சேர்த்து அடுத்த வேளை கூடுதலாகவும் போடக் கூடாது.

லோ சுகர் வந்தால்?

நாயின் இயல்பான ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம். 60-க்குக் கீழே போனால் ஆபத்து. மணி தள்ளாடுவான், நடுங்குவான், கூப்பிட்டால் திரும்பாமல் வெறிக்கப் பார்ப்பான். முற்றினால் வலிப்பு வரும்.

நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், உடனே சாப்பாடு வையுங்கள். தின்னாவிட்டால் தேனோ சர்க்கரைக் கரைசலோ நக்கக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். கொஞ்சம் தேனை ஈறின் வெளிப்பக்கம் தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். வலிப்பு வரும்போது பற்களுக்கு இடையில் விரலை விட வேண்டாம். தெளிந்து எழுந்து நடந்தாலும், டாக்டரிடம் பேசாமல் அடுத்த ஊசியைப் போடாதீர்கள்.

சர்க்கரைக்கு வீட்டில் தடை போட்டிருந்தாலும், ஒரு சின்ன பாட்டில் தேன் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அது அவசர மருந்து.

சிரிஞ்ச் மூடியின் நிறத்தைப் பாருங்க

சாப்பாட்டைக் கிராம் கணக்கில் அளந்துவிட்டு ஊசியில் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். நம்ம ஊர் மெடிக்கலில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில்களில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதனால் சிரிஞ்சும் ரெண்டு வகை. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி.

டாக்டர் சொன்னது 8 யூனிட் என்று வையுங்கள். 100 யூனிட் மருந்தை எடுத்து, சிவப்பு மூடி சிரிஞ்சில் 8-ம் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட். இரண்டரை மடங்கு! பாட்டிலில் 40 என்றால் சிரிஞ்சிலும் 40. 100 என்றால் 100. வாங்கும்போதே கடையில் நின்று ரெண்டையும் படித்துப் பாருங்கள். அப்பாயிக்கு வாங்கி வைத்த இன்சுலின் வீட்டில் இருந்தாலும், டாக்டர் சொல்லாமல் அதை மணிக்குப் போட வேண்டாம். வகையே வேறாக இருக்கலாம்.

கரன்ட் போனா என்ன பண்றது?

இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீஸரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போடத்தான் வேணும். வெயிலில் நிற்கும் பைக் டேங்க் கவரில் வைத்தாலும் கெட்டுவிடும்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 2018 நவம்பர் 16 மறந்திருக்காது. கஜா புயல் அடித்துப் போட்டதில் மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரன்ட் இல்லை. ஊசியை நம்பி ஒரு உயிர் வீட்டில் இருந்தால், ஐப்பசி கார்த்திகைக்கு முன்னாலேயே தயாராக வேண்டும். ஒரு ஐஸ் பாக்ஸ், கூடுதலாக ஒரு பாட்டில் இன்சுலின், சிரிஞ்ச், இரண்டு வாரத்துக்கான டாக் ஃபுட். ஐஸ்கட்டி பாட்டிலை நேரடியாகத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். எதுவுமே இல்லையென்றால் ஈர மணலில் வைத்த மண்பானை தற்காலிகமாகக் கைகொடுக்கும். பாட்டிலைத் தண்ணீர் புகாமல் கட்டி, உள்ளே வையுங்கள்.

எங்கே காட்டலாம்?

முதலில் உள்ளூர் கால்நடை மருந்தகம். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால், முத்துப்பேட்டையிலிருந்து பட்டுக்கோட்டை வழியாக ஒரத்தநாடு. அங்கே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு நோட்டு போடுங்கள். தினமும் எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு ஊசி, எவ்வளவு தண்ணீர். வாரம் ஒரு தடவை எடை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பது எப்படி என்று டாக்டரிடம் பழகிக்கொள்ளலாம். மனிதர்களுக்கான மீட்டர் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதனால், எந்த மீட்டரில் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பார்த்து நீங்களாக டோஸை மாற்றக் கூடாது. தாகம் குறைந்து, எடை ஏறி, நாய் பழையபடி வாலாட்டினால் சிகிச்சை சரியான வழியில் போகிறது என்று அர்த்தம்.

நாய்கள் நமக்குக் கொடுத்த மருந்து

1889-ல் அப்போது ஜெர்மனி வசமிருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜோசப் வான் மெரிங், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. இந்த நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். 1921-ல் கனடாவின் டொரன்டோவில் ஃபிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும், கணையம் நீக்கப்பட்ட நாய்களுக்குக் கணையச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். மார்ஜரி என்ற நாய் அந்த ஊசியால் ஏறத்தாழ 70 நாள் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் அந்த மருந்து லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குப் போடப்பட்டது. அதுவரை, சிறு வயதில் இந்த நோய் வந்தவர்களுக்குப் பிழைக்க வழியே இல்லாமல் இருந்தது.

இன்றைக்கு அப்பாயிக்குப் போடும் இன்சுலின் அந்த நாய்களின் வழியாக வந்தது. இப்போது அதே மருந்தை ஒரு நாய்க்குத் திருப்பிக் கொடுக்கும் முறை நம்முடையது.

சுகர் என்று தெரிந்ததும், 'இந்த வயசுல இதுக்கு எதுக்கு இவ்ளோ செலவு, சிரமம்' என்று யாராவது சொல்வார்கள். செலவும் சிரமமும் இருப்பது உண்மை. முதல் ஒரு மாதம் ரொம்பவே இருக்கும். அளவு பிடிபட்டுவிட்டால், சுகர் நாயும் மற்ற நாய்களைப் போல வருஷக்கணக்கில் நல்லபடியாக இருக்க முடியும். வீட்டில் அதற்கு வேண்டியது ஒரு தராசு, ஒரு கடிகாரம், டிக் அடிக்க ஒரு நாள்காட்டி.

காலை ஏழு மணி. அப்பாயி ஊசி போட்டுக்கொண்டு இட்லிக்கு உட்காருகிறார். பக்கத்தில் மணியின் தட்டு. அவன் தின்று முடித்ததும் அவனுக்கும் ஊசி. "வாடா மணி, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான்." சோறு அளவு குறைஞ்சுபோச்சேன்னு அப்பாயிக்கு இன்னமும் வருத்தம் இருக்கலாம். மணி வாலாட்டுறான்ல, அது போதும்.